ரவிக்கைத் துணியோடு வந்த நோட்டீஸ்

அன்புள்ள மகளுக்கு,

உன்னை நான் பார்த்ததில்லை. உன் நோட்டீஸை மட்டும்தான் பார்த்தேன். நான் இருப்பது வெள்ளாற்றுக்கு வடக்கே, திட்டக்குடியில். போன வாரம் என் மருமகள் ஆற்றைத் தாண்டி லப்பைக்குடிக்காட்டுக்குப் போய் ரவிக்கைத் துணி எடுத்து வந்தாள். வீட்டில் பையை உதறியபோது துணியோடு நாலாக மடித்த மஞ்சள் தாள் ஒன்று விழுந்தது. யார் எழுதியது என்று விசாரித்தேன். அங்கே ஒரு கடையில் வேலை பார்க்கும் சின்னப் பெண் என்றார்கள். பெயரையும் கடையையும் சொல்ல வாயெடுத்தவரை வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். இந்தக் கடிதம் நாலு பேர் படிக்கிற இடத்தில் வரப்போகிறது. தெரியாமல் இருந்தால் என் வாயிலிருந்து தவறிக்கூட வராது.

சங்கம் எதற்கு, ஒற்றுமை எதற்கு என்றெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணிந்து நோட்டீஸ் அடித்தவளுக்கு அது தெரியும். அதைப் படித்ததில் எனக்கு வந்த எரிச்சலைத் தீர்த்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

தலைப்பைப் பார்: ‘கடைகளில் பணிபுரியும் பெண்களுக்கு உட்காரும் உரிமை வழங்கக் கோரி’. வழங்கக் கோரியா? யாரிடம்? அதைத்தான் 2021-லேயே கொடுத்தாயிற்றே அம்மா! தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 என்ற பழைய சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்குத் தோதான இருக்கை, ஊழியர் அத்தனை பேருக்கும் கடையில் இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த மசோதாவை 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி சட்டசபையில் வைத்தவர் அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன். எந்தத் தொகுதிக்காரர் தெரியுமா? எங்கள் திட்டக்குடி. உன் கடைத்தெருவிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வந்துவிடுகிற ஊர். அக்கரையில் நிறைவேறிய காரியத்தை இக்கரையில் நின்றுகொண்டு கேட்கிறாய். பட்டாவைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, பட்டா கேட்டு மனுப் போடுகிற கதைதான்.

‘பெண்களுக்கு’ என்று வேறு போட்டிருக்கிறாய். சட்டத்தில் அப்படி இல்லை. ஏணியில் ஏறிப் பெட்டி எடுத்துப் போடுகிற பையனும் காலையிலிருந்து நிற்கிறவன்தான். அவனை ஏன் விட்டாய்?

உரிமை என்ற சொல்லே எனக்கு நோட்டீஸில் பிடிப்பதில்லை. மேடையில் வைத்துக்கொள். நோட்டீஸில் ஸ்டூல் என்று எழுது. எந்தக் கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை ஸ்டூல் கிடக்கிறது, அதில் எத்தனையின் மேல் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது, இதை எண்ணிக்கொண்டு வா. ‘எங்கள் தெருவில் இத்தனை பேருக்கு இத்தனை ஸ்டூல் பாக்கி’ என்று போட்டால் படிக்கிற முதலாளி உண்டு என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும். உரிமை என்றால் தலையை ஆட்டிவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பு வைத்துப் போராடியது உனக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் முதலில் பிடித்துக்கொண்டது கழிப்பறையை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கழிப்பறையில் தொடங்கி நாற்காலிக்கு வந்தார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. நம் சட்டம் அதற்கு மூன்று வருஷம் பின்னால் வந்தது. சின்னக் குறையில் தொடங்கியது அவர்கள் மட்டுமில்லை. சென்னையில் 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி தொடங்கிய தொழிலாளர் சங்கத்தை எடுத்துக்கொள். பின்னி ஆலைத் தொழிலாளர்கள் கொண்டுவந்த முதல் குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற அரை மணி நேரம் போதவில்லை என்பது. பி.பி.வாடியா தலைவராக வந்ததும் திரு.வி.க. சேர்ந்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆட்கள் முதலில் யாரிடம் போய் அழுதார்கள் என்பதைச் சொல்வாரில்லை. பெரம்பூர்ப் பக்கம் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம். என்ன கடை? ஜவுளிக்கடை!

இதைச் சொல்லக் காரணம் உண்டு. உன் நோட்டீஸில் ‘சுரண்டல் முதலாளிகளே’ என்று ஒரு வரி, மூன்று ஆச்சரியக்குறியோடு. அடுத்த வரியில் ‘சுங்குவார்சத்திரத்தைப் பார்’. நானும் பார்த்தேன். அங்குள்ள சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்வதே அங்கே சண்டையாக இருந்தது; அடுத்த வருஷம் ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. அந்த மாதிரி இடத்தில் கேட் இருக்கிறது, ஷிப்ட் இருக்கிறது. அரியலூர் சிமெண்ட் ஆலைகளிலும் அப்படித்தான். ஷிப்ட் விட்டதும் கும்பலாக வெளியே வருவார்கள், வாசலில் நின்று பேசலாம். உன் தெருவில் ஒரு கடைக்கு மூன்று பேர். மூன்று பேரில் ஒருத்தி முதலாளிக்கு அண்ணன் மகள். முதலாளியும் சிப்பந்தியும் வெள்ளிக்கிழமை ஒரே பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நிற்கிறவர்கள். இங்கே சாம்சங்கைக் காட்டினால் யாருக்கு உறைக்கும்?

அந்த முதலாளி யார் என்று யோசித்தாயா? உங்கள் ஊரில் கடை வைத்திருப்பவர்களில் பலர் சவுதி, துபாய் என்று போய்ச் சம்பாதித்துக் கொண்டுவந்ததைப் போட்டுக் கடை திறந்தவர்கள். அங்கே இன்னொருவன் கடையில் நின்றவர்கள். சவுதியிலும் அமீரகத்திலும் சங்கம் என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. கால் வீங்கினால் ராத்திரி உப்புத் தண்ணீரில் வைத்துக்கொள்வதுதான் வைத்தியம். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருப்பது அவர்களில் பல பேருக்கு இருக்கும், கைலி மறைத்திருக்கும். அவரைச் சுரண்டல்காரர் என்று தொடங்கினால் நோட்டீஸைக் கசக்கிப் போடுவார். ‘அங்கே எத்தனை வருஷம் நின்னீங்க மாமா?’ என்று ஒருத்தி கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். பேசி முடித்தபின் ஸ்டூல் கேள். தராவிட்டால் பெரம்பலூரில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, மனுக் கொடு. அதற்கு நான் தடை சொல்லவில்லை. வரிசைதான் முக்கியம்.

உன் வயதில் நானும் ஜவுளிக்கடையில் இருந்தேன். அப்போது சிப்பந்தி என்பார்கள். திருச்சி மாவட்டம் பெரம்பலூர் வரைக்கும் நீண்டு கிடந்த காலம். கடையில் உயரமான பலகை, அதன்மேல் மெத்தை, மெத்தைமேல் வெள்ளை வேட்டி விரித்திருக்கும். நாங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் புடவையை விரித்துப் போடுவோம். வாங்க வந்தவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்காருவார்கள். கல்யாண ஜவுளி என்றால் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும், நடுவில் காப்பித் தம்ளர்கள். யாரும் எங்களுக்கு உட்கார அனுமதி கொடுத்ததாக நினைவில்லை. உட்காராமல் எப்படிப் புடவை காட்டுவது? பிறகு ஒரு தை மாதம் கடையை இடித்துக் கட்டினார்கள். கண்ணாடி கவுண்டர் வந்தது, டியூப்லைட் வந்தது, மெத்தை போய்விட்டது. திறப்பு விழாவுக்கு எங்களுக்கெல்லாம் புதுச்சட்டை கொடுத்தார்கள். அன்று காலையில் நின்றவன் கடையை விட்டு வருகிற வரைக்கும் உட்காரவில்லை. நிற்பது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று இப்போது பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். 2010-ல் ஜவுளிக்கடைச் சிப்பந்திகளின் கதையான ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது பேரனோடு போனேன். எல்லோரும் அழுதார்கள். நான் கவுண்டருக்குப் பின்னால் எங்காவது ஒரு மெத்தை தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

இனி மிச்ச எரிச்சல். நோட்டீஸின் அடியில் கறுப்புக் கட்டம் கட்டமாக ஒரு படம். பேரனிடம் கேட்டேன். போனைக் காட்டினால் சந்தா போய்விடுமாம். ‘மாதம் 20 ரூபாய், ஸ்கேன் செய்யவும்’.

ஆயி, இதை மட்டும் செய்யாதே! சந்தா வாங்கப் போவது காசுக்காக என்று உனக்கு யார் சொன்னது? நான் ரசீதுப் புத்தகத்தோடு திரிந்தவன். முதல் வாரம் சம்பளம் போட்ட மறுநாள் கடை கடையாகப் போவேன். கார்பன் தாளை நகர்த்தி வைத்து, பெயரைக் கேட்டு, மெதுவாக எழுதுவேன். வேண்டுமென்றே மெதுவாக. அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் அவன் வாயைத் திறப்பான். ‘அண்ணே, இந்த மாசம் பாதிச் சம்பளம்தான்’ என்பான். ஏன் என்று கேட்டால் லீவுக்குப் பிடித்தார்களாம், அட்வான்ஸுக்குப் பிடித்தார்களாம். அடுத்த கடைக்குப் போனால் அங்கேயும் அதே கதை. மாதக் கடைசியில் அந்தத் தெருவின் கணக்கு முழுக்க என் தலைக்குள் இருக்கும். போனில் வந்து விழுகிற 20 ரூபாய் உன்னிடம் என்ன பேசும்?

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு தீபாவளிக்கு போனஸ் கேட்டு ஒரு கடையில் நிறுத்தம் அறிவித்தோம். கடை பெயர் வேண்டாம். பதினாலு சிப்பந்தி. நோட்டீஸ் நான்தான் எழுதினேன், எதுகை மோனையோடு, உன்னுடையதைவிட மோசமாக. பதினாலு பேரும் கூட்டத்தில் கை தூக்கினார்கள். நிறுத்தத்தன்று காலையில் கடை வாசலில் வந்து நின்றது என்னோடு சேர்த்து மூன்று பேர். மற்றவர்கள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர்களில் ஐந்து பேர் ஆவணிக் கல்யாணங்களுக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள். அது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அதற்கு முன் நாலு மாசமாக நான் சந்தாவுக்குப் போகவில்லை. மாநாட்டு வேலை என்று சுற்றிக்கொண்டிருந்தேன். பாக்கியை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அந்த வருஷம் போனஸும் இல்லை, எனக்கு அந்தக் கடையில் வேலையும் இல்லை.

பதிவு விஷயத்தில் உனக்கு ஒரு வார்த்தை. 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. குறைந்தது ஏழு பேர் என்ற கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. ஏழு பேரும் ஒரே கடையாக இருக்க வேண்டியதில்லை. ஏழு கடையிலிருந்து ஒவ்வொருத்தர் வந்தால் எனக்கு இன்னும் பிடிக்கும். ஒரு கடையில் கதவைச் சாத்தினாலும் மற்ற ஆறு கடை இருக்கும்.

இவ்வளவு திட்டிய பிறகு சொல்கிறேன். நோட்டீஸின் நடுவில் ஒரு வரி: ‘கஸ்டமர் இல்லாத நேரத்தில் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிக்கிறோம், சும்மா நிற்பதாகத் தெரியக்கூடாது என்று.’ நாற்பது வருஷத்தில் நானும் என் கூட்டாளிகளும் எழுதிய நோட்டீஸ்களை எல்லாம் சேர்த்து எடைக்குப் போடலாம், இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு. மருமகளிடம் படித்துக் காட்டினேன். ‘ஆமா மாமா, நான் போனப்பவும் ஒரு பொண்ணு அப்படித்தான் மடிச்சிக்கிட்டு இருந்துச்சு’ என்றாள். ஜவுளி எடுத்துக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் அவளுக்கு அது புரிந்திருக்கிறது. நோட்டீஸ் முழுக்க இந்த வரிதான் இருந்திருக்க வேண்டும். மற்றதையெல்லாம் உனக்கு யாரோ எழுதிக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். அவர்களிடம் இனி கேட்காதே.

ரம்ஜான் சீசனுக்கு முன்னால் அடித்ததும் சரிதான். நோன்பு வைத்துக்கொண்டு ராத்திரி வரை நிற்கிற மாசம், கடைக்காரருக்கும் ஆள் தேவைப்படுகிற மாசம். தெரிந்து செய்தாயோ, அச்சாபீஸில் தாமதமாகி அப்படி அமைந்ததோ, எதுவானாலும் சரி. தாளைப் பைக்குள் மடித்து வைத்த அந்தக் கை யாருடையது என்று மட்டும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. மேலே கேமரா இருந்திருக்கும். அவளை உன் ஏழு பேரில் முதல் ஆளாகச் சேர்.

இந்தக் கடிதத்தோடு, உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தவர் கையிலேயே ரசீதுப் புத்தகம் இரண்டு கொடுத்தனுப்புகிறேன். பழையவைதான், எங்கள் சங்கத்தின் பெயர் அச்சாகியிருக்கும், அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதிக்கொள். ஒன்றில் நூறு ரசீதில் முப்பத்தாறு வரைக்கும் கிழித்திருக்கிறேன், முப்பத்தேழிலிருந்து நீ தொடங்கு. நல்ல கார்பன் தாள் திட்டக்குடியில் இப்போது கிடைப்பதில்லை. பெரம்பலூர் போனால் கேட்டுப் பார்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஜவுளிக்கடைச் சிப்பந்தி