கிணற்றைப் பார்த்துப் பருத்தி போடு

பிள்ளை, தலைமன்னார் மணலில் பருத்தி போடப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அம்பாந்தோட்டை, மொனராகலை போல இது பருத்திக்குப் பேர்போன இடமில்லை. ஆனாலும் நம் வேலியோரப் பூவரசும் வளவில் காய்க்கும் வெண்டியும் பருத்திக் குடும்பந்தான். பயப்படாதே, நாலு வரிசையோடு தொடங்கு.

1. முதலில் கிணற்றோடு பழகு. நம் மணலுக்கடியில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நிற்கும். மேலே அந்த மட்டம் சற்று இறங்கினாலே, அடியிலிருந்து உப்பு ஏறத் தொடங்கும். மோட்டர் போட்டு ஓயாமல் இறைத்த வளவுகளில் ஆவணிக்குள் தண்ணீர் கரித்ததைக் கண்டிருக்கிறேன். அண்டை வீட்டுக் குடிதண்ணீரும் சேர்ந்து கெட்டது. துலாவில் இறைத்த என் அப்பு, "கிணறு ஊறட்டும்" என்று பாதியில் நிறுத்திவிட்டுப் போவார். அந்த அடக்கம் உனக்கும் வேண்டும்.

2. ஐப்பசிக்குக் காத்திரு. கோடை முழுக்க மேல்மண்ணில் ஏறிய உப்பை முதல் மழைகள் கழுவிக் கீழே இறக்கும். அதன் பிறகு விதை. வளர்ந்த பருத்தி உப்பைத் தாங்கும் பயிர். மண்ணின் உப்பளவு மீட்டருக்கு 7.7 டெசிசீமன்ஸ் வரை அதன் விளைச்சல் குறையாது, போஞ்சியோ 1 தாண்டினாலே குறையும். ஆனால் முளைவிடும் விதைக்கும் இளங்கன்றுக்கும் அந்தத் தெம்பு கிடையாது. பெரியவனின் பலத்தைக் குழந்தையிடம் எதிர்பார்க்காதே.

3. தைக்குத் தள்ளிப்போடாதே. பிந்தி விதைத்த கன்று இளசாக நிற்கும்போதே வெயில் ஏறிவிடும். தத்துப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் அதுதான் நல்ல காலம். தத்துப்பூச்சி சாறு உறிஞ்சிய இலை ஓரம் மஞ்சளித்து, கீழ்நோக்கிச் சுருண்டு, பிறகு சிவந்து கருகும். காலையில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார். பச்சையாக ஏதாவது பக்கவாட்டில் ஓடினால் அதுதான். பக்கத்தில் வெண்டி நின்றால் அங்கேயும் பார்.

4. வாடிய இலையைக் கண்டதும் வாளியைத் தூக்காதே. இதை மட்டும் மறந்துவிடாதே, பிள்ளை. கார்த்திகை மழையில் பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. ஈரத்தில் நின்றபடியே செடி துவளும், இலை மஞ்சளிக்கும். தாகமென்று நினைத்து ஊற்றினால் செடியைக் கொன்றுவிடுவாய். வேரடியில் விரலை விட்டுப் பார். ஈரமிருந்தால் மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் வெட்டு. நம் ஊரில் தண்ணீர் விடத் தெரிந்தவர் பலர். வடிக்கத் தெரிந்தவரை நான் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன்.

5. உப்பின் கைவரிசை வேறு மாதிரி. முதலில் அடியிலையின் நுனியும் ஓரமும் தீய்ந்தது போலக் காயும், நடு இலை பச்சையாகவே இருக்கும். கரிக்கும் தண்ணீரை இலைமேல் தெளிக்காதே, வேரடியில் விடு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உப்பு மேலேயே தங்கும்; இடைவெளி விட்டு, வேருக்குக் கீழே இறங்குமளவு விடு.

6. வைகாசியில் சோளகம் எழுந்தால் கடல் தூவானம் இலையில் படியும். பனையோலை வேலியை முன்கூட்டியே அடை. ஐப்பசிப் பருத்தி அதற்குள் வெடித்து முடிந்திருக்கும். பின்னால் வரும் கத்தரிக்கு அந்த வேலி உதவும்.

7. காய் முற்றும்போது அடியிலை சிவந்தால் பதறி மருந்து அடிக்காதே. காய்கள் இலையிலுள்ள சத்தை இழுக்கின்றன. மணலில் தழைச்சத்தும் மழையோடு இறங்கிப்போகும். கன்றுப் பருவத்திலிருந்தே எருவைப் பகுதி பகுதியாகப் போடு.

8. புரியாவிட்டால் கேள். விவசாயப் போதனாசிரியரிடம் வெறுங்கையோடு போகாதே. அடியிலை ஒன்று, குருத்திலை ஒன்று, ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் கொண்டு போ. விதைத்த தேதியையும் கடைசியாகத் தண்ணீர் விட்ட நாளையும் ஒரு தாளில் எழுதிக்கொள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.