வகுப்பறைக்குள் ஒரு சந்தை

அன்புள்ள கயல்விழிக்கு,

பிளஸ் ஒன் வணிகவியல் வகுப்பில் பங்குச்சந்தை விளையாட்டு வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல முயற்சி. ஆனால் ஆளுக்கு ஒரு லட்சம் கற்பனை ரூபாய், எட்டு வாரம், அதிகம் சேர்த்தவருக்குப் பரிசு என்ற ஏற்பாட்டை மாற்றிவிடு. அமெரிக்கப் பள்ளிகளில் 1977-லிருந்து நடக்கும் ‘ஸ்டாக் மார்க்கெட் கேம்’ வழியில் வந்த முறை இது. பயன் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் சதவீதம் போடுவார்கள், வணிகச் செய்தி படிப்பார்கள். ஆனால் விலை எப்படி உண்டாகிறது என்பதை அது காட்டாது. திரையில் வந்து விழும் விலைமீது பிள்ளைகள் பந்தயம் கட்டுவதோடு சரி. எட்டே வாரத்தில் நாற்பது பேரில் முதலிடம் பிடிக்க, பத்துக் கம்பெனிகளில் பிரித்துப் போடுகிறவனால் பெரும்பாலும் முடியாது. முழுப் பணத்தையும் துள்ளுகிற ஒரே பங்கில் கொட்டியவர்களில் யாருக்கோதான் அது வாய்க்கும். தோற்றாலும் கைக்காசு போவதில்லை என்பதால், ஜெயிக்க அதுவே சரியான வழியாகவும் ஆகிவிடுகிறது. அவனுக்கு நீ பரிசு கொடுப்பதை மற்ற 39 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிஜச் சந்தையிலோ, 2022-23-ல் பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே வணிகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டதாகச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. முப்பது வயதுக்குட்பட்டவர்களில் அது 76 சதவீதம். உன் பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் தாங்களே டீமேட் கணக்குத் திறக்கும் வயதுக்கு வந்துவிடுவார்கள்.

விலையைப் பிள்ளைகளே உண்டாக்கட்டும். ஹார்வர்டில் பொருளியல் பேராசிரியர் எட்வர்ட் சேம்பர்லின் தம் மாணவர்களை வாங்குபவர், விற்பவர் என்று பிரித்துப் பேரம் பேச வைத்து, 1948-ல் அதைக் கட்டுரையாக்கினார். அவரிடம் படித்த வெர்னன் ஸ்மித், ஒவ்வொருவரும் சொல்லும் விலை எல்லார் காதிலும் விழும்படி அதை மாற்றினார். அந்த வழியில் செய்த ஆய்வுகளுக்காக 2002-ல் நோபல் பரிசும் பெற்றார். 1988-ல் அவரும் இன்னும் இருவரும் வெளியிட்ட சோதனையைச் சுருக்கினால் உன் வகுப்புக்குப் பொருந்தும். பத்துப் பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு நான்கு பங்குச் சீட்டும் கொஞ்சம் காகிதப் பணமும் கொடு. பதினைந்து சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நாணயம் சுண்டு: தலை விழுந்தால் சீட்டுக்கு 20 ரூபாய் டிவிடெண்ட், பூ விழுந்தால் ஒன்றுமில்லை. கடைசிச் சுற்றுக்குப் பிறகு சீட்டு வெறும் காகிதம். சராசரி பத்து ரூபாய் என்பதால் சீட்டின் மதிப்பு முதலில் 150, பத்தாம் சுற்றில் 60. இதைப் பலகையிலேயே எழுதிப் போடு. இப்படி எல்லாம் தெரிந்திருந்தும், ஸ்மித்தின் சோதனைகளில் விலை பலமுறை மதிப்பைத் தாண்டி ஏறி, கடைசிச் சுற்றுகளில் சரிந்தது. உன் வகுப்பிலும் 60 ரூபாய்ச் சீட்டை ஒருத்தி 120-க்கு வாங்கினால் விளையாட்டை நிறுத்திக் காரணம் கேள். அடுத்த சுற்றில் இன்னொருவர் 130 தருவார் என்று நம்பினேன் என்பாள். அந்தப் பதிலை அவள் வாயாலேயே வகுப்பு கேட்பதற்கு ஈடாக எந்தப் பாடப்புத்தகத்தையும் என்னால் சொல்ல முடியாது.

நிஜக் கம்பெனி இல்லாமல் பிள்ளைகளுக்கு ருசிக்குமா என்று தலைமையாசிரியர் கேட்கக்கூடும். பேரம் பேசும் பிள்ளைக்கு ருசி தானாக வரும். ஆடியவர்களுக்கு அவர்கள் சம்பாதித்ததற்கு ஏற்ப ஸ்மித் நிஜக் காசு கொடுத்தாரே, காகிதப் பணத்தில் ஆசையும் பயமும் எங்கே வரும் என்பது இதைவிட வலுவான கேள்வி. அவ்வளவு வராதுதான். ஆனாலும் விலை என்பது வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒத்துக்கொண்ட எண் என்பதும், அது மதிப்பைவிட்டு விலகக்கூடும் என்பதும் கண்ணெதிரே தெரியும். சந்தையே சூதாட்டம் என்று பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்களோ என்றும் நீ அஞ்ச வேண்டாம். மதிப்பைக் கணக்குப் போட்டு 120-க்கு விற்ற பையனும் அதே வகுப்பில்தான் இருப்பான். ஸ்மித்தின் சோதனையிலும், அதே ஆட்கள் இரண்டு முறை ஆடிப் பழகிய பிறகு விலை மதிப்பை ஒட்டியே நடந்தது. ஆகவே ஒரு தடவையோடு நிறுத்தாதே. அதே குழுவை மூன்று முறையாவது ஆட விடு. ஒவ்வொரு முறையும் விலைக்கோட்டை ஒரே தாளில் வேறு நிறத்தில் வரையச் சொல். பரிசை லாபத்துக்குக் கொடுக்காதே. ஏன் வாங்கினேன், ஏன் விற்றேன் என்று ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக எழுதிய நோட்டுக்குக் கொடு. நிஜக் கம்பெனியின் ஆண்டறிக்கையை அதன் பிறகு வகுப்புக்குக் கொண்டு போ.

அன்புடன்,
பெரியப்பா