சோப்புக் கதைகளின் ஏற்றமும் இறக்கமும்

கதை கேட்பதில் விருப்பமில்லாத மக்கள் எந்நாட்டிலும் இலர். அவ்விருப்பத்தை நாள்தோறும் பகற்பொழுதில் நிறைவேற்றிவந்தது, அமெரிக்காவில் 'சோப் ஆபெரா' எனப்படும் தொடர் நாடகம். ஆபெரா என்பது இசை நாடகம். கதையில் இசையுமில்லை, சோப்புமில்லை. பின் இப்பெயர் வந்தது எங்ஙனம்? அதனை அறியின், அந்நாடகங்கள் குன்றிய காரணமும் தானே விளங்கும்.

1930-ஆம் ஆண்டில் சிக்காகோ நகர ரேடியோ நிலையமொன்றில் இர்னா பிலிப்ஸ் என்னும் பெண்மணியார் 'பெயின்டெட் டிரீம்ஸ்' என்ற தொடரை எழுதி, தாமும் நடித்தார். வீட்டு வேலை செய்துகொண்டே பெண்கள் இத்தகைய கதைகளைக் கேட்டனர். அப்பெண்களுக்கே சோப்பு விற்க வேண்டியிருந்த பிராக்டர் அண்டு காம்பிள் முதலிய கம்பெனியார், விளம்பரத்தின் பொருட்டு நாடகச் செலவை ஏற்றனர். பெயரின் வரலாறு இதுவே. ஆகவே இக்கலை, கேட்போரின் பழக்கம், வணிகரின் பணம், நிலையத்தாரின் நேரம் என்னும் மூன்று புரிகளால் முறுக்கிய கயிறாகும்.

அக்கயிறு நெடுங்காலம் உறுதியாகவே நின்றது. 1937-இல் ரேடியோவில் தொடங்கிய 'கைடிங் லைட்', 1952-இல் தொலைக்காட்சிக்குச் சென்றது. 1981-இல் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரில் நிகழ்ந்த ஒரு திருமணத்தை ஏறத்தாழ 3 கோடி மக்கள் கண்டனர்.

முதலில் நைந்தது பழக்கமென்னும் புரி. பெண்கள் பலர் உத்தியோகங்களுக்குச் சென்றனர். கேபிள் வழியாக அலைவரிசைகள் பெருகின. 1995-இல் ஓ. ஜே. சிம்சன் மீதான கொலை வழக்கின் விசாரணை, பன்முறை நாடகங்களின் நேரத்தைக் கவர்ந்தது. விலகிய நேயருள் பலர் மீண்டிலர். நீல்சன் கம்பெனியார் எடுக்கும் கணக்கில் எண் குறையவே, விளம்பர வருவாயும் குறைந்தது. நடிகர் பலரையும் அரங்குகளையும் வேண்டாத உரையாடல் நிகழ்ச்சி செலவிற் சிறிது. நிலையத்தார் அதன்பாற் சாய்ந்தனர்.

72 ஆண்டுகள் நடந்த 'கைடிங் லைட்' 2009 செப்டம்பர் 18-இல் முடிவுற்றது. 1956 முதல் நடந்த 'ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்' 2010-இல் நின்றது. 'ஆல் மை சில்ட்ரன்' 2011-இலும், 'ஒன் லைஃப் டு லிவ்' 2012-இலும் ஏ.பி.சி. நிலையத்தை விட்டு நீங்கின. 1965-இல் பிறந்த 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 2022-இல் என்.பி.சி. நிலையத்தினின்று கட்டணம் செலுத்திக் காணும் இணையச் சேவைக்கு மாற்றப்பட்டது.

நஷ்டத்தைத் தாங்கி நாடகம் நடத்துமாறு வணிகரை வற்புறுத்துதல் நியாயமன்று. ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. 1937-இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியாய்க் கேட்கத் தொடங்கிய ஒருத்தி, 2009-இல் எண்பத்து நான்கு வயதினளாய் இறுதிப் பகுதியைக் கண்டிருத்தல் கூடும். கணக்கர் அவளை ஒரு தலையாகவே எண்ணுவர். எழுபத்திரண்டு ஆண்டுப் பற்றுக்கு அவர் ஏட்டில் இடமில்லை. உரையாடல் நிகழ்ச்சிக்கு இத்தகைய உறவு எளிதில் வாய்ப்பதன்று.

பின் நிகழ்ந்ததும் நோக்கத்தக்கது. 'ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்' இருந்த நேரத்தைப் பெற்ற உரையாடல் நிகழ்ச்சியும் 2024 டிசம்பரில் முடிந்தது. அந்நேரத்திலேயே 2025 பிப்ரவரி 24-இல், செல்வம் மிக்க கருப்பினக் குடும்பமொன்றைப் பற்றிய 'பியாண்ட் தி கேட்ஸ்' என்னும் புதிய தொடரை சி.பி.எஸ். நிலையத்தார் தொடங்கினர். அதன் தயாரிப்பிற் பங்குகொண்டோருள் பழைய சோப்புக் கம்பெனியாரும் உளர்!

நேயர்களே! எண் இன்றைய வரவை மட்டுமே காட்டும். பல தலைமுறை தொடர்ந்த பழக்கத்தை அறுத்தல் ஒருநாட் செயல். மீண்டும் முறுக்குதலோ பல்லாண்டு உழைப்பு. எந்த நிலையத்தை நடத்துவோரும் இதனை மறத்தலாகாது.