இமை தளர்ந்தால் நெஞ்சை நோக்குக

கண்ணிமை சரிவதற்கும் நெஞ்சுக்குள் கட்டி வளர்வதற்கும் என்ன உறவு? முதற்பார்வையில் ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆயினும் இவ்வுறவை அறியாமையால் காலந்தாழ்த்தி அல்லற்படுவோர் உளர். மயஸ்தீனியா என்னும் தசைத்தளர்ச்சி நோயைப் பற்றியும், அதனோடு சிலருக்குச் சேர்ந்து வரும் தைமோமா என்னும் அரிய கட்டியைப் பற்றியும் இங்குச் சுருங்கக் கூற முற்படுகிறேன். நான் மருத்துவம் பயில்பவன் அல்லன், உயிர்வேதியியல் மாணவன். நரம்பும் தசையும் சந்திக்கும் இடம் என் பாடத்திற்கும் உரியதாகலின் எழுதத் துணிந்தேன்.

முதலில் நோயின் இயல்பை நோக்குவோம். இந்நோயாளி பெரும்பாலும் காலையில் நலமாகவே எழுவார். பொழுது ஏற ஏற இமை சரியும். ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். உணவைப் பாதி உண்பதற்குள் தாடை ஓய்ந்துவிடும். பேசப் பேசக் குரல் மூக்கால் ஒலிக்கும். சற்று இளைப்பாறினால் வலிமை மீளும். இவ்வாறு வருவதும் போவதுமாக இருப்பதால், சுற்றத்தார் இதனைச் சோம்பல் என்றோ மனக்கோளாறு என்றோ எளிதிற் சொல்லிவிடுகின்றனர். மூச்சுத்தசைகளும் தளருமாயின் உயிருக்கே இடர் நேரும் என்பதை அவர்கள் அறியார்.

இனி, காரணத்திற்கு வருவோம். நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது தசையின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்தினால்தான் தசை சுருங்கும். பூட்டும் திறவுகோலும் போன்றது இது. இந்நோய் க்யூராரே நஞ்சின் விளைவை ஒத்திருப்பதைக் கண்ட மேரி வாக்கர் அம்மையார், 1934இல் இங்கிலாந்தின் கிரீனிச் நகரில், அந்நஞ்சின் முறிவான பைசாஸ்டிக்மின் மருந்தை ஊசி வழியே செலுத்தினார். சரிந்த இமை உயர்ந்தது. ஆனால் சிறிது நேரமே நின்றது.

பூட்டுக்கு நேர்ந்த பழுது என்ன என்பது 1973இல் தெளிவாயிற்று. கட்டுவிரியன் இனப் பாம்பொன்றின் நஞ்சு ஏற்பிகளை இறுகப் பற்றும் இயல்புடையது. அதனையே கருவியாகக் கொண்டு ஆராய்ந்தபோது, நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் குறைந்திருக்கக் கண்டனர். அதே ஆண்டில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் என்னும் இருவர், மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினர். முயல்களின் உடலில் உண்டான எதிர்ப்பொருள்கள் அவற்றின் தசையையே தாக்க, அவை தளர்ந்து விழுந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான் இந்நோய்.

அவ்வேலிக்குப் பயிற்சி தரும் இடம் எது? மார்பெலும்பின் பின்னே, இதயத்தின் மேற்புறம் அமைந்த தைமஸ் சுரப்பி. தன்னுடலைத் தாக்கும் வெள்ளணுக்களைக் களைந்தெறிவது அதன் பணி. அங்கே தோன்றும் கட்டியே தைமோமா. மயஸ்தீனியா நோயாளிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு இக்கட்டி இருக்கும். 1901இலேயே வைகெர்ட் என்பார் இந்நோயால் இறந்த ஒருவர் உடலில் இக்கட்டியைக் கண்டு கூறினார். 1936இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஆல்பிரட் பிளேலாக், இந்நோயுற்ற ஓர் இளம்பெண்ணின் கட்டியை அறுத்தெடுத்தார், அப்பெண் நலம்பெற்றாள்.

இன்று நோயைத் துணியும் முறை யாது? நோயாளியை மேல்நோக்கிப் பார்த்திருக்கச் செய்து இமையைக் கவனிப்பர். சரிந்த இமையின்மேல் இரண்டு நிமிடம் பனிக்கட்டி வைத்தால் அது உயர்வதும் ஒரு குறி. பின்னர் இரத்தத்தில் எதிர்ப்பொருளையும், நரம்பைத் தொடர்ந்து தூண்டித் தசையின் மறுமொழியையும் அளப்பர். நோய் உறுதியானதும் மார்பை சி.டி. ஸ்கேன் செய்தல் இன்றியமையாதது; சிறிய கட்டி சாதாரண எக்ஸ்ரே படத்திற்குத் தப்பிவிடக் கூடும்.

அறுவைக்கு முன்னரே தசைவலிமையைத் தேற்றிக்கொள்ள வேண்டும். தேவைப்படின் இரத்தநீர் மாற்றத்தால் எதிர்ப்பொருளைக் குறைப்பர். மயக்க மருத்துவரும் விழிப்பாயிருத்தல் வேண்டும். க்யூராரே வகைத் தசைத்தளர்த்தி மருந்து இவர்களுக்குச் சிறிதளவே மிகையாகும். மார்பெலும்பைப் பிளந்தோ, விலாவிடைத் துளைகளில் ஒளிக்குழல் செலுத்தியோ, கட்டியை உறை கிழியாமல் சுரப்பி முழுவதோடும் எடுப்பர். உறை கிழிந்தால் கட்டியின் உயிரணுக்கள் சிதறி வேறிடத்தில் வேரூன்றலாம். இருமருங்கும் செல்லும் உதரவிதான நரம்புகளையும் காத்தல் வேண்டும். மூச்சு அவற்றை நம்பியே இயங்குகிறது.

கட்டி நீங்கிய அன்றே தளர்ச்சி நீங்கிவிடுமென்று எண்ணலாகாது. மாதங்களோ ஆண்டுகளோ செல்லலாம். சிலருக்கு மருந்து தொடரும். கட்டி மீண்டும் தலைகாட்டலாமாகையால் ஆண்டுதோறும் ஆய்வும் வேண்டும். கட்டி இல்லாதவர்க்கும் சுரப்பியை நீக்குதல் பயன் தருகிறதென்று, 126 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டியது.

நண்பர்களே, விடுதியிலோ வீட்டிலோ ஒருவர் மாலைதோறும் இமை சரிந்து, இரட்டைக் காட்சியால் வருந்தினால், அவரை எள்ளாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். விழுங்க இயலாமலோ மூச்சு முட்டியோ இருப்பாராயின், மறுநாள்வரை காத்திராது அப்பொழுதே மருத்துவமனை சேருங்கள். இந்நோயுடையவர் எந்த மருத்துவரிடம் சென்றாலும் தம் நோயைச் சொல்லுதல் வேண்டும். ஜென்டமைசின் போன்ற சில மருந்துகள் தளர்ச்சியை மிகுவிக்கும். அரிய நோய்தான்; ஆனால் அறிந்தவர் அருகிலிருந்தால், பிழைக்க வழியுள்ள நோய்.