தலையணையில் தொடங்கும் தும்மல்: தூசி ஒவ்வாமையும் அதற்கான பரிசோதனையும்

காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நீர், கண்களில் அரிப்பு. வெயில் ஏறியதும் யாவும் அடங்கிவிடுகின்றன. இரவில் படுத்தவுடன் மீண்டும் மூக்கடைப்பு. சிலருக்கு விடியற்காலையில் இருமலும் இளைப்பும். சாரல் காலத்தில் சின்னமனூர் வட்டாரத்திலிருந்து இத்தொல்லைகளுடன் வருவோரில் பலர், "குளிர்ந்த காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்கின்றனர். காரணமோ பல வேளைகளில் படுக்கைக்குள்ளேயே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத உயிரி

மருத்துவர்கள் டஸ்ட் மைட் எனக் குறிப்பிடும் தூசிச் சிற்றுண்ணி, சிலந்தியின் உறவான எட்டுக்கால் உயிரி. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அது நம்மைக் கடிப்பதில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களை உண்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வாழ்வதால் ஈரக்காற்று வீசும் காலத்தில் பெருகுகிறது. அதன் கழிவிலும் உடலிலும் உள்ள புரதங்களே ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கும் இவ்வுயிரிக்கும் உள்ள தொடர்பை 1964ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் லைடன் நகர ஆய்வாளர்களான வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியோர் எடுத்துக்காட்டினர்.

பரிசோதனை எதைச் சொல்லும்?

தோல் பரிசோதனையில், முன்கையில் ஒவ்வாமைப் பொருள்களின் சாற்றைச் சொட்டுச் சொட்டாக இட்டு, ஒவ்வொரு சொட்டின் வழியாகவும் மெல்லிய ஊசி முனையால் தோலின் மேற்பகுதியை மட்டும் லேசாகக் குத்துவோம். 15 முதல் 20 நிமிடங்களில் தடிப்பை அளப்போம். உப்பு நீர் இட்ட இடத்தைவிட 3 மில்லிமீட்டரேனும் பெரிய தடிப்பு தோன்றினால் முடிவு நேர்மறை எனக் கொள்ளப்படும்.

செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளைப் பரிசோதனைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே, மருத்துவரின் அறிவுரைப்படி நிறுத்த வேண்டும். சளி மருந்துகள் பலவற்றிலும் இவை கலந்துள்ளன. ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. இளைப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், தோலில் பரவலான கரப்பான் உள்ளவர்களுக்கும், மாத்திரையை நிறுத்த இயலாதவர்களுக்கும் ஐ.ஜி.ஈ. இரத்தப் பரிசோதனை உதவும்.

ஒன்றை இங்கு வலியுறுத்த விரும்புகிறோம். நேர்மறை முடிவு என்பது நோய் அன்று. உடல் அப்பொருளை அடையாளம் கண்டுள்ளது என்பதே அதன் பொருள். நோயாளி கூறும் அறிகுறிகளுடன் பொருந்தினால்தான் அம்முடிவுக்கு மதிப்பு உண்டு. பல பொருள்களுக்கு ஒருங்கே இரத்தப் பரிசோதனை செய்து, அதில் பால், முட்டை எனக் கண்டதைக் கொண்டு, அவற்றைத் தொல்லையின்றி உண்டுவந்த குழந்தைக்கு நிறுத்திவிடும் பெற்றோர் உள்ளனர். இதனால் தும்மல் குறைவதில்லை. குழந்தையின் ஊட்டமே குறைகிறது.

இலவம் பஞ்சை எறிந்துவிடலாமா?

போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு வணிகத்திற்குப் பெயர்பெற்ற ஊர். நம் இல்லங்களில் அப்பஞ்சுத் தலையணைகள் மிகுதி. "அதை எறிந்துவிட வேண்டுமா?" எனப் பலர் வினவுகின்றனர். குற்றம் பஞ்சினுடையது அன்று. நாள்பட்ட ஃபோம் தலையணையிலும் சிற்றுண்ணி வாழும்.

● தலையணைக்கும் மெத்தைக்கும் நெருங்கிய நெசவுள்ள, ஜிப் வைத்த உறை இடுக. கட்டிதட்டிய பழம் பஞ்சை மாற்றுக.
● விரிப்பு, உறை, போர்வை ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைக்க. குளிர்ந்த நீர் தூசியை அகற்றும், சிற்றுண்ணியைக் கொல்லாது.
● கடும் வெயிலில் உலர்த்தும் நம் வழக்கம் நன்று. ஆயினும் இறந்த சிற்றுண்ணியின் புரதம் எஞ்சியிருக்கும். ஆகவே வெளியில் வைத்துத் தட்டித் தூசி அகற்றுக. அதனை நோயாளி செய்ய வேண்டாம்.
● தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல்.

உறை மட்டும் போதாது. பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வயதுவந்த ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்து, 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், படுக்கை உறை ஒன்றினால் மட்டும் நோய் கட்டுப்படவில்லை எனத் தெரிந்தது.

மருந்தை நிறுத்தாதீர்

மூக்கிற்கான ஸ்டீராய்டு தெளிப்பானின் முழுப் பயன் தெரியச் சில நாள் முதல் இரு வாரம் வரை ஆகலாம். அதை மூக்கின் நடுச்சுவரை நோக்கி அன்றி, வெளிப்புறம் நோக்கித் தெளிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்க்குச் சுவாசக் குழாயின் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரே அடிப்படை மருந்து. பயன்படுத்திய பின் வாய் கொப்பளிக்க வேண்டும். உடனடி ஆறுதல் தரும் சால்பூட்டமாலை மட்டுமே நம்பியிருத்தல் ஆபத்தானது. "புதிய உறை வாங்கிவிட்டோம், இனி இன்ஹேலர் எதற்கு?" என நிறுத்தியவர்கள், நள்ளிரவில் மூச்சுத்திணறலுடன் வருவதை நாங்கள் காண்கிறோம்.

இவற்றாலும் அடங்காதவர்களில் தகுந்தோருக்கு ஒவ்வாமைத் தடுப்புச் சிகிச்சை உண்டு. ஏறத்தாழ மூன்று ஆண்டு தொடர வேண்டும்; ஒவ்வோர் ஊசிக்குப் பின்னும் அரை மணி நேரம் மருத்துவமனையில் இருத்தல் கட்டாயம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலை ஒவ்வாமை என நீங்களே முடிவுசெய்யாதீர். காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் தேவை. பேச இயலாத மூச்சுத்திணறலோ உதடு நீலமாதலோ கண்டால் 108ஐ அழையுங்கள்.

ஆலோசனைக்கு வருமுன், தும்மலும் இளைப்பும் எப்போது, எங்கே வருகின்றன என இரு வாரம் குறித்துவைத்து எடுத்து வாருங்கள். படுக்கையிலா, நெல் தூற்றும் களத்திலா என்பதை அக்குறிப்பே முதலில் காட்டும். பரிசோதனை அதனை உறுதிசெய்யும்.