டிரைக்கோடெர்மாவுக்கு என்ன சாப்பாடு போடுகிறோம்?



"டிரைக்கோடெர்மா விரிடி பாக்கெட் வாங்கிப் போட்டோம், நிலக்கடலையில வேரழுகல் நிக்கலையே, காசுதான் போச்சு" என்று சில குழுக்களில் சொல்கிறார்கள். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

டிரைக்கோடெர்மா ஒரு நல்ல பூசணம். அதற்கும் உயிர் உண்டு, பசி உண்டு. சாப்பாடு நிறைய இருக்கும்போது நூல் நூலாகப் படரும். சாப்பாடு குறைந்து, வெளிச்சமும் பட்டால் பச்சை நிறத்தில் வித்துக் கட்டும். நெல்லுக்கு யூரியா அதிகமானால் தழையாகவே வளர்ந்து கதிர் குறையும் இல்லையா? அது போலத்தான். பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் இந்த வித்துகளே.

வித்து இருந்தால் மட்டும் போதுமா? தரமும் வேண்டும். அமெரிக்காவில் செஸ்பேனியா என்ற களையை அழிக்கும் ஒரு பூசணத்தை 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்கள். கரிச்சத்து 10 பங்கு, தழைச்சத்து 1 பங்கு கொடுத்து வளர்த்த வித்தில் புரதம் கூடுதல். அது சீக்கிரம் முளைத்தது, களையையும் நன்றாக அழித்தது. கரிச்சத்து 80 பங்கு கொடுத்த வித்தில் கொழுப்புதான் கூடுதல், முளைக்கத் தாமதமானது. தாய்க்குப் போடும் சாப்பாடு பிள்ளையிடம் தெரிகிறது, பார்த்தீர்களா!

நாம் செய்ய வேண்டியது:

1. பாக்கெட்டில் காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள். வெயிலில் வைக்காதீர்கள்.

2. நன்கு மக்கிய தொழு உரம் 100 கிலோவுடன் 1 கிலோ டிரைக்கோடெர்மாவை நிழலில் கலந்து, தண்ணீர் தெளியுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக்கூடாது.

3. பாலிதீன் தாளால் 7 நாள் மூடி வையுங்கள். காயாமல் லேசாகத் தெளித்து, 3 நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். பூசணத்துக்கும் காற்று வேண்டும். பிறகு ஈரமான நிலத்தில் தூவுங்கள்.

4. விதைநேர்த்திக்கு 1 கிலோ விதைக்கு 4 கிராம் போதும்.

5. ரசாயனப் பூசணக்கொல்லியோடு கலக்கவே கூடாது. அது நல்ல பூசணத்தையும் கொன்றுவிடும்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச: வெறும் காய்ந்த மண்ணில் பாக்கெட்டைத் தூவினால் வித்து எதைத் தின்று வளரும்? நம் ஊரில் தொழு உரம் மக்க வைக்க யார் யாரிடம் குழி இருக்கிறது? அடுத்த விதைப்புக்கு முன் ஒரு குவியலாவது சேர்ந்து போடலாமே!