கடற்கரைக்குப் போகும் சைக்கிள்

கடலோர ஊர்களில் வாழும் மாணவர்களுக்கு விடியற்காலையில் தூண்டிலை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவது புதிதல்ல. கரை பக்கத்திலிருந்தால் நடந்தே போகலாம். ஏழெட்டு கிலோமீட்டர் என்றால் சைக்கிள் வேண்டும். தூண்டிற்கோல், பனிக்கட்டிப் பெட்டி, குடிநீர், இரை, திரும்பும்போது மீன் என்று எல்லாவற்றையும் அது சுமக்க வேண்டும். மணலிலும் உப்புக் காற்றிலும் உழைக்க வேண்டும். பொருள்களைக் கண்டபடி கட்டிக்கொண்டு புறப்பட்டால் வழியில் விழ நேரிடலாம். பிடித்த மீன் வீடு வருமுன் கெட்டுப்போகலாம். சைக்கிளும் விரைவில் துருப்பிடித்துவிடும். இவற்றைத் தவிர்க்க வேண்டிய அறிவு நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதை ஒரு சைக்கிளின்மேல் வைத்துப் பார்ப்போம்.

சுமையை எங்கே வைப்பது?

முதலில் சுமையைக் கணக்கிடுவோம். பனிக்கட்டி 3½ கி.கி., குடிநீர் 3 கி.கி., பெட்டியும் கருவிகளும் 4½ கி.கி., கிடைக்கும் என்று நாம் நம்பும் மீன் 4 கி.கி.; ஆக 15 கி.கி. நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் எடை ஏறத்தாழ 20 கி.கி. இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே சுமார் 115 செ.மீ. தொலைவு உண்டு. ஆளில்லாத சைக்கிளில் முன் சக்கரம் தாங்கும் எடை சுமார் 9 கி.கி. என்று கொள்வோம்.

பெட்டியின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு நேர்மேலே இருந்தால் முன் சக்கரத்தின் பங்கு மாறாது. அது அச்சுக்கு 23 செ.மீ. பின்னால் தள்ளி இருந்தால் பின் அச்சே நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடுகிறது. திருப்புத்திறன்களைச் சமன் செய்தால், முன் சக்கரத்தின் பங்கு 15 × 23 ÷ 115 = 3 கி.கி. குறைகிறது. அதே இடத்தில் 45 கி.கி. ஏற்றினால் 9 கி.கி. முழுவதும் குறைந்து, முன் சக்கரம் தரையைவிட்டு எழுந்துவிடும். மூட்டை ஏற்றிய சைக்கிளை மேட்டில் தள்ளும்போது முன்பக்கம் தூக்குவதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான். எனவே கனமான பொருள்களைக் காரியரின் முன்பகுதியில், இருக்கையை ஒட்டி வையுங்கள்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். மணலில் சைக்கிளைத் தள்ளிச் செல்லும்போது அது 10 பாகை சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்திலுள்ள 15 கி.கி. சுமை அதைக் கவிழ்க்க முயலும் திருப்புத்திறன் 50 செ.மீ. உயரத்திலுள்ள சுமையைப்போல் இரு மடங்கு. ஆகவே பெட்டியை மட்டும் காரியரில் வைத்து, தண்ணீரையும் ஈயக்குண்டுகளையும் பின் சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகளில் சமமாகப் பங்கிடுங்கள். பைகள் ஆரக்கம்பிகளில் மோதாமலிருக்க இடையே ஒரு பலகையோ தகட்டையோ பொருத்துவது அவசியம்.

கட்டுவதற்கு எது நல்லது? மீன் விற்பவரின் சைக்கிளைப் பாருங்கள். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய ரப்பர்ப் பட்டையால் கூடையை இழுத்துக் கட்டியிருப்பார். கயிற்றால் கட்டிய பெட்டி, சாலையின் குலுக்கலில் சற்றே இடம் மாறினாலும் கட்டுத் தளர்ந்துவிடும். நீட்டிக் கட்டிய ரப்பரோ, பெட்டி நகர்ந்தாலும் சுருங்கி இழுவிசையை இழக்காமல் பிடித்துக்கொள்ளும். ஹூக் விதியை அவர் படித்திருக்க வேண்டியதில்லை, தினமும் கையாள்கிறார்!

தூண்டிற்கோல்

கரையிலிருந்து வீசும் கோல் பெரும்பாலும் 2.7 மீட்டர் அளவில் இருக்கும். இரண்டாகப் பிரித்தால் 1.35 மீட்டர். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும், கைப்பிடியில் குறுக்கே வைப்பதும் ஆபத்து. ஒரு பி.வி.சி. குழாயைக் காரியரின் பக்கத்தில் நிறுத்திக் கட்டி, கோலை அதில் செருகுங்கள்.

குழாயை இரண்டு இடங்களில் கட்ட வேண்டும். மேல் கட்டுக்கு 90 செ.மீ. மேலே, கோலின் நுனியில், காற்று அரைக் கிலோகிராம் எடையளவு விசையுடன் தள்ளுவதாகக் கொள்வோம். இரு கட்டுகளுக்கும் இடையே 10 செ.மீ.தான் இருந்தால் கீழ்க்கட்டு தாங்கவேண்டிய விசை 0.5 × 90 ÷ 10 = 4.5 கி.கி. எடை. இடைவெளியை 40 செ.மீ. ஆக்கினால் அது 1.1 கி.கி. எடைதான். கட்டுகள் விலக விலகப் பிடிப்பு கூடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இக்காலக் கோல்கள் பல கரியிழையால் ஆனவை. கரியிழை மின்சாரத்தைக் கடத்தும். கரைக்குப் போய்ச் சேருமுன் கோலை முழுநீளத்திற்குப் பொருத்தாதீர்கள். தாழ்வாகச் செல்லும் மின்கம்பிகளின் கீழேயோ அருகிலோ நின்று வீசவே கூடாது. தூண்டில்முட்களைத் தக்கையில் குத்தி, மூடிய டப்பாவில் வையுங்கள். தொங்கும் நைலான் நரம்பு சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் சைக்கிள் சட்டென்று நின்று உங்களைத் தூக்கி எறியும்.

மணலும் டயரும்

ஓட்டுபவர் 50 கி.கி. எடையுள்ளவர் என்றால், சுமையுடன் பின் டயர் தாங்குவது ஏறத்தாழ 56 கி.கி. டயரினுள் வெளிக்காற்றைவிட மிகையாக உள்ள அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 3.5 கி.கி. எனில், தரையைத் தொடும் பரப்பு 56 ÷ 3.5 = 16 சதுர செ.மீ. காற்றைப் பாதியாகக் குறைத்தால் இப்பரப்பு 32 சதுர செ.மீ. ஆகும். மணலின்மீது அழுத்தம் பாதியாவதால் சக்கரம் குறைவாகப் புதையும்.

ஆனால் அதே டயரோடு தார்ச்சாலையில் திரும்பாதீர்கள். குழியிலோ கல்லிலோ ஏறும்போது காற்றுக் குறைந்த டியூப் ரிம்முக்கும் தரைக்கும் இடையே நசுங்கிக் கிழியும். ஆகவே காற்றடிக்கும் பம்பு கட்டாயம் உடன் இருக்கட்டும். ஈரமணல் கெட்டியாக இருக்கும். மணல் துகள்களுக்கு இடையேயுள்ள நீரின் பரப்பு இழுவிசை அவற்றைப் பிணைக்கிறது. உலர்ந்த மணலுக்கு அந்தப் பிணைப்பு இல்லை. அங்கே இறங்கித் தள்ளுவதே முறை. நிறுத்தும்போது ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தால் சைக்கிள் சாயாது.

மீன் கெடாமலிருக்க

இதுதான் மிக முக்கியமான பகுதி. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்கள் வெப்பத்தில் சில மணிநேரம் கிடந்தால் அவற்றில் பாக்டீரியாக்களின் செயலால் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. அது உடம்புக்குத் தீங்கு செய்யும். சமைத்தாலும் அது அழிவதில்லை. மீனைப் பார்த்தோ முகர்ந்தோ எப்போதும் கண்டுபிடித்துவிடவும் முடியாது. எனவே பிடித்த உடனே மீனைக் குளிர்விக்க வேண்டும்.

எவ்வளவு பனிக்கட்டி தேவை? மீனின் தன்வெப்பம் ஏறத்தாழ 0.85. கடல்நீரின் வெப்பநிலை 28° செ. எனில், 4 கி.கி. மீனை 0° செ.க்குக் கொண்டுவர 4000 × 0.85 × 28 = 95,200 கலோரி நீக்கப்பட வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது 80 கலோரி உள்ளுறை வெப்பத்தை ஏற்கும். ஆகவே 1190 கிராம், அதாவது 1.2 கி.கி. பனிக்கட்டி மீனுக்கே போய்விடும்.

பெட்டியின் சுவர் வழியே நுழையும் வெப்பம் வேறு. 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள பெட்டியின் மொத்தப் பரப்பு 0.66 சதுர மீட்டர். தெர்மோகோலின் தடிப்பு 2 செ.மீ., வெப்பநிலை வேறுபாடு 30°, வெப்பங்கடத்தும் எண் சுமார் 0.035. உள்ளே வருவது 0.035 × 0.66 × 30 ÷ 0.02 = 35 வாட் அளவு. இது மணிக்கு 370 கிராம் பனிக்கட்டியை உருக்கும். ஐந்து மணி நேரத்தில் 1.85 கி.கி. இரண்டையும் கூட்டினால் 3 கி.கி.க்குச் சற்று மேல். 3½ கி.கி. எடுத்துச் செல்லச் சொன்னதன் காரணம் இப்போது புரிகிறதா?

தடிப்பை இரு மடங்காக்கினால் சுவர்வழி நுழையும் வெப்பம் பாதியாகும். பெட்டியை நிழலில் வையுங்கள், அடிக்கடி திறக்காதீர்கள். ஈரச்சாக்கு போர்த்துவது ஓரளவு உதவும். ஆனால் கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதியாதலால் ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். அதை நம்பிப் பனிக்கட்டியைக் குறைக்கக் கூடாது. உருகிய நீர் வெளியேறும் துளைக்கு ஒரு சிறு குழாய் பொருத்தி, நீர் செயினிலும் ரிம்மிலும் விழாமல் விலக்கிவிடுங்கள்.

நிறுத்தமும் விளக்கும்

சுமை கூடினால் சைக்கிள் நிற்க அதிகத் தூரம் ஆகும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 70 கி.கி.; சுமையுடன் 85 கி.கி. பிரேக்கின் விசை அதுவே எனில் நிற்கும் தூரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்திருந்தாலோ ரப்பர்க் கட்டையின் உராய்வு வெகுவாகக் குறையும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில், வேகத்தளர்ச்சி 3 மீ/வி² எனில் 2.9 மீட்டரில் நிற்கலாம். அது 1 மீ/வி² ஆகக் குறைந்தால் 8.7 மீட்டர் ஓடித்தான் நிற்கும். எனவே கரையைவிட்டுப் புறப்படுமுன் ரிம்மைத் துணியால் துடைத்து, பிரேக்கைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் கிளம்புபவர்களுக்கு முன்விளக்கு வேண்டும். பின்பக்கச் சிவப்புப் பிரதிபலிப்பான் பைகளாலும் பெட்டியாலும் மறைந்துவிடுகிறதா என்று பாருங்கள். மறைந்தால் இன்னொன்றைப் பெட்டியின் பின்புறமே ஒட்டுங்கள். பின்னால் வரும் லாரிக்காரர் உங்களைக் காண்பது அதைக்கொண்டுதான்.

காற்றைத் துணையாக்குங்கள்

இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் விடியற்காலையில் நிலக்காற்று கடலை நோக்கி வீசும். பகலில் நிலம் சூடேறியபின் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசும். இந்த ஒழுங்கு தெளிவாக உள்ள நாட்களில் போகும்போதும் வரும்போதும் காற்று உங்கள் முதுகைத் தள்ளும்! மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும்போது 5 கி.மீ. எதிர்காற்று என்றால் சார்பு வேகம் 20. பின்காற்று என்றால் 10. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம் ஆதலால் முன்னது பின்னதைப்போல் நான்கு மடங்கு.

வீடு திரும்பியபின்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. சைக்கிளில் படிந்த உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கரையோர இரவுகளில் இது எளிதில் நிகழும். அக்கரைசல் மின்பகுளியாகி இரும்பை அரிக்கிறது. ஆகவே மீனைக் கவனித்த கையோடு சைக்கிளையும் நல்ல நீரால் கழுவித் துடையுங்கள். செயினில் எண்ணெய் விட்டு, வெளிப்புற எண்ணெயைத் துணியால் எடுத்துவிடுங்கள். இல்லையேல் மணல் ஒட்டிக்கொள்ளும். குவார்ட்சு மணலின் கடினம் மோஸ் அளவில் 7. செயினையும் பற்சக்கரத்தையும் அரம்போல் தேய்த்துவிடும்.

செய்து பாருங்கள்: ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டித் துண்டுகளில் ஒன்றைத் தெர்மோகோல் பெட்டியிலும், மற்றதைத் தகரப் பெட்டியிலும் வைத்து மூடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து உருகிய நீரை அளந்து, ஒவ்வொன்றும் ஏற்ற வெப்பத்தைக் கலோரியில் கணக்கிடுங்கள். அடுத்த முறை கரைக்குப் போகும்போது எந்தப் பெட்டியை எடுப்பது என்பதை அந்த விடையே சொல்லும்.